கையெழுத்துப் போடுமுன் ஏணி கேளுங்கள்

கேள்வி இது: "சென்னையிலிருந்து வேலை மாற்றலாகி தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வருகிறோம். நான், மனைவி, இரண்டு குழந்தைகள், அம்மா. அங்கே ரிசர்வாயர் ஹில்ஸ் பகுதியில் ஒரு பழைய வீட்டை வாடகைக்குப் பேசியிருக்கிறோம். கீசர் நன்றாக ஓடுகிறது, குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர் வருகிறது என்கிறார் ஏஜென்ட். குடி போகுமுன் வேறென்ன பார்க்க வேண்டும்?"

குழாயில் சுடுதண்ணீர் வந்தால் கீசருக்கு இன்றைக்கு உயிர் இருக்கிறது என்று தெரியும். நாளைக்கு என்ன ஆகும் என்பது மேலே ஏறிப் பார்த்தால்தான் தெரியும். அதனால் முதல் வேலையாக ஏஜென்டிடம் ஒரு ஏணி கேளுங்கள்.

ஏன் ஏணி என்று சொல்கிறேன். ஊரில் கீசர் என்றால் குளியலறைச் சுவரில் தொங்கும் 15 அல்லது 25 லிட்டர் பெட்டி. குளிக்கப் போகுமுன் சுவிட்சைப் போடுவோம், குளித்ததும் அணைப்போம். தென்னாப்பிரிக்காவில் அதே பெயரில் புழங்குவது வேறு சரக்கு. 100, 150, 200 லிட்டர் கொள்ளும் இரும்பு டாங்க். பெரும்பாலான வீடுகளில் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில், மரச்சட்டத்தின்மேல் படுக்க வைத்திருப்பார்கள். இரவு பகலாகச் சுவிட்ச் போட்டபடியே இருக்கும். 150 லிட்டர் டாங்க் என்றால் உள்ளே இருக்கும் தண்ணீர் மட்டுமே 150 கிலோ. அது அழுத்தத்தோடும் 60 டிகிரிச் சூட்டோடும் யாராவது ஒருவர் கட்டிலுக்கு நேர்மேலே இருக்கும். பாட்டி வீட்டுச் செம்பு பாய்லரில் தேங்காய் மட்டை செருகிக் குளித்து வளர்ந்தவன் நான். அதில் கோளாறு என்றால் கண்ணெதிரே தெரியும். (இங்கே பண்ணை வீடுகளிலும் விறகில் எரியும் டிரம் பாய்லர் உண்டு. அதற்கு 'டாங்கி' என்று பெயர், கழுதை!) கூரைக்குள் கிடக்கும் கீசரை வீட்டுக்காரரே பத்து வருடமாக எட்டிப் பார்த்திருக்க மாட்டார்.

நானும் பார்க்காமல் மாட்டியவன்தான். டர்பனில் என் முதல் வாடகை வீடு. எட்டாவது மாதம், ஒரு ஜூலை ராத்திரி, சொட்டுச் சொட்டாக ஏதோ சத்தம். விளக்கைப் போட்டால் பக்கத்து அறையின் சீலிங் நிறைமாத வயிறு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. மெத்தையை இழுப்பதற்குள் பொத்தென்று விழுந்தது. பழைய பஞ்சு, எலிப்புழுக்கை, வெந்நீர், எல்லாம் சேர்ந்து. மறுநாள் பிளம்பர் என்னை மேலே கூப்பிட்டுக் காட்டினார். கீசருக்கு அடியில் டிரிப் ட்ரே, அதாவது ஒழுகும் தண்ணீரைப் பிடிக்கும் தட்டு, இருந்தது. ட்ரேயிலிருந்து வெள்ளைப் பிளாஸ்டிக் குழாயும் போனது. இரண்டடி போய், சுவரை எட்டுமுன், சீலிங் பலகைக்கு மேலேயே முடிந்துவிட்டது. பொருத்தியவருக்குச் சுவரில் ஓட்டை போடச் சோம்பல். கீசர் உடைவது வயதின் குற்றம், அதை மன்னிக்கலாம். அந்த இரண்டடிக் குழாயை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம்.

போவதற்கு முந்தைய நாளே ஏஜென்டுக்குச் சொல்லுங்கள்: நான் வருவதற்கு மூன்று மணி நேரம் முன்பே கீசர் பிரேக்கரைப் போட்டு வையுங்கள் என்று. காலியாகக் கிடக்கும் வீட்டில் அதை அணைத்துத்தான் வைத்திருப்பார்கள். 150 லிட்டரை 20 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்ற ஏறக்குறைய 7 யூனிட் மின்சாரம் வேண்டும். 3 கிலோவாட் எலிமென்ட் (தண்ணீரைச் சூடாக்கும் கம்பி) என்றால் இரண்டே கால், இரண்டரை மணி நேரம். நீங்கள் போய் நின்ற பிறகு பிரேக்கரைப் போட்டுவிட்டு, "சூடாக நேரமாகும், நம்புங்கள்" என்று சொன்னால் நம்பாதீர்கள், இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்புங்கள்.

உள்ளே போனதும் டி.பி. போர்டை, அதாவது வீட்டின் பிரேக்கர்கள் எல்லாம் இருக்கும் மின்பெட்டியை, திறக்கச் சொல்லுங்கள். கீசருக்குத் தனி பிரேக்கர் இருக்க வேண்டும், பெயர் எழுதியிருக்க வேண்டும். அதை அணைத்தால் கீசர் மட்டும் அணைய வேண்டும். போர்டில் கருகிய வாசனையோ உருகிய பிளாஸ்டிக்கோ தெரிந்தால் மேலே பேசவே வேண்டாம். வீட்டின் மின் அமைப்புக்கு 'சர்டிஃபிகேட் ஆஃப் கம்ப்ளையன்ஸ்' இருக்க வேண்டும் என்பது 2009-ஆம் ஆண்டு மின் விதிமுறை. வாடகைக்கு விடுபவருக்கும் அது பொருந்தும். இங்கே எல்லாரும் சி.ஓ.சி. என்றுதான் சொல்வார்கள். நகல் கேளுங்கள். கேட்பது வழக்கம்தான், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்தது வாளி. வெள்ளை வாளியாக, 10 லிட்டர் பிடிப்பதாக ஒன்று எடுத்துப் போங்கள். ஏஜென்ட் சிரிப்பார், சிரிக்கட்டும். குளியலறைச் சுடுதண்ணீர்க் குழாயை முழுதாகத் திறந்து, சூடு வந்தபிறகு வாளியைப் பிடித்து, நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று போனில் பாருங்கள். அரை நிமிடத்தில் நிறைந்தால் நல்ல ஓட்டம். அப்புறம் அதே குழாயில் பச்சைத்தண்ணீர். பச்சைத்தண்ணீர் சீறி வந்து சுடுதண்ணீர் மட்டும் நூலாக வந்தால் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். கீசர் பழைய காலத்து 100 கிலோபாஸ்கல் (தண்ணீர் அழுத்தத்தின் அளவு) ரகமாக இருக்கலாம். இப்போது போடுவதெல்லாம் பெரும்பாலும் 400 அல்லது 600. இரண்டாவது, வீட்டுக்குள் பழைய கால்வனைஸ்டு இரும்புக் குழாய் துருவேறி அடைத்திருக்கலாம். மூன்றாவது, பிரஷர் வால்வுக்குள் இருக்கும் சின்ன வடிகட்டியில் மணல் சேர்ந்திருக்கலாம். டர்பனில் தண்ணீர் நின்று நின்று வருவது உங்களுக்குச் சீக்கிரமே பழகிவிடும். நின்று திரும்பி வரும் முதல் தண்ணீரோடு மண்ணும் வரும். வடிகட்டி என்றால் பிளம்பருக்கு அரை மணி வேலை. இரும்புக் குழாய் என்றால் அந்த வீடே வேண்டாம் என்பேன்.

வாளிக்குள் பாருங்கள். இரண்டு மூன்று வாளிக்குப் பிறகும் சுடுதண்ணீர் மட்டும் செம்பழுப்பாக வந்தால் டாங்க் உள்ளே அரிக்கிறது. இந்த டாங்குகள் உட்புறம் எனாமல் பூசிய இரும்பு. எனாமலில் விரிசல் விழும் இடத்தில் இரும்பைக் காப்பாற்ற, உள்ளே மக்னீசியக் கம்பி ஒன்று இருக்கும், ஆனோடு என்பார்கள். இரும்புக்குப் பதிலாக அது கரையும். கரைந்து தீர்ந்தபின் அரிப்பு டாங்கைத் தின்னத் தொடங்கும். சில வருடங்களுக்கு ஒருமுறை அதை மாற்றினால் கீசர் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் மாற்றுகிறவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். சுடுதண்ணீரில் அழுகின முட்டை நாற்றம் வந்தால் அதுவும் பெரும்பாலும் டாங்குக்குள் நடக்கிற சமாசாரம்தான்.

இன்னொன்று. குழாயைத் தொடும்போது விரல் நுனியில் ஜிவ்வென்று ஏதாவது தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். வெடித்த எலிமென்ட், எர்த் இல்லாத குழாய், இரண்டில் எதுவானாலும் உயிர் போகும் விவகாரம். எலக்ட்ரீஷியன் பார்த்துச் சான்று தராமல் குழந்தைகளை அந்த வீட்டுக்குள் விடாதீர்கள்.

இப்போது ஏணி. நடைகூடத்துச் சீலிங்கில் சதுரமாக ஒரு கதவு இருக்கும், ட்ராப் டோர். பெரிய டார்ச் கொண்டு போங்கள். ஏறினால் மரச்சட்டத்தின்மேல் மட்டுமே கால் வையுங்கள். நடுவில் இருக்கும் சீலிங் பலகை உங்களைத் தாங்காது. ஏற முடியவில்லையென்றால் தலையை மட்டும் நீட்டி, போனைக் கையில் நீட்டிப் பிடித்து வீடியோ எடுங்கள், போதும். எந்த மூடியையும் கழற்றாதீர்கள்.

முதலில் டாங்கில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். எத்தனை லிட்டர், எத்தனை கிலோவாட், எத்தனை கிலோபாஸ்கல், எந்த ஆண்டு செய்தது, எல்லாம் அதில் இருக்கும். டாங்குக்கு ஐந்து வருட உத்தரவாதம் பொதுவான வழக்கம். பத்து வயது தாண்டிய கீசரைப் பார்த்தால் அடுத்த வருடச் செலவு என்று மனதில் குறித்துக்கொள்வேன். செலவு வீட்டுக்காரருடையது, அவதி உங்களுடையது.

அடுத்து அடியில் பாருங்கள். ட்ரே இருக்கிறதா? உலர்ந்திருக்கிறதா? தண்ணீர் காய்ந்த வெள்ளைக் கோடுகள், துருக்கறை, சட்டத்தில் கறுத்த ஈரத்தடம் இருந்தால் முன்பே ஒழுகியிருக்கிறது. ட்ரேயின் குழாயைக் கண்ணால் பின்தொடருங்கள், அது சுவரைத் தாண்டி வெளியே போகும்வரை. என் கதையைச் சொன்னதே இதற்காகத்தான்.

இந்த நாட்டில் கீசர் பொருத்துவதற்கென்றே சான்ஸ் (SANS) 10254 என்று ஒரு தர விதி இருக்கிறது. அதை நீங்கள் படிக்க வேண்டாம்; அது கேட்கிற சாமான்கள் கண்ணுக்குத் தெரிகின்றனவா என்று பார்த்தால் போதும். உள்ளே வரும் தண்ணீரின் அழுத்தத்தைக் குறைக்கும் பிரஷர் வால்வ். டாங்கிலேயே திருகியிருக்கும் சேஃப்டி வால்வ். இதுதான் உயிர்காப்பான், தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தும் சாதனம்) செத்துத் தண்ணீர் கொதிநிலையை நெருங்கினால் திறந்து கொதிநீரை வெளியேற்றும். சுடுதண்ணீர்க் குழாயில் ஒன்றும் பச்சைத்தண்ணீர்க் குழாயில் ஒன்றுமாக, மேல்நோக்கி நிற்கும் இரண்டு சின்னக் குமிழ்கள், வேக்யூம் பிரேக்கர். தெருவில் தண்ணீர் நின்றால் டாங்கின் தண்ணீர் பின்னோக்கி உறிஞ்சப்படாமல் அவை காக்கும். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு, டர்பனுக்கு வடக்கே டோங்காட் பக்கம் மாதக்கணக்கில் தண்ணீர் இல்லாமல் இருந்தது. இந்தக் குமிழ்களை இங்கே யாரும் அலங்காரம் என்று நினைப்பதில்லை. பிறகு கீசர் பக்கத்திலேயே மின்சாரத்தைத் துண்டிக்க ஒரு ஐசொலேட்டர்.

சேஃப்டி வால்விலிருந்து கிளம்பும் குழாய் உலோகமாக இருக்க வேண்டும், வெளியே போக வேண்டும், ட்ரேயின் பிளாஸ்டிக் குழாயோடு சேரக் கூடாது. அதில் வருவது கொதிநீர், பிளாஸ்டிக் குழைந்துவிடும். சிலர் ஒழுகுகிறதே என்று அந்தக் குழாயின் வாயை அடைத்து வைப்பார்கள். நான் கண்ணாலேயே ஒருமுறை பார்த்திருக்கிறேன், மரக்கட்டையைச் செதுக்கி அடித்திருந்தார்கள். அதற்குப் பெயர் கீசர் இல்லை, வெடிகுண்டு.

இறங்கி வீட்டின் வெளிப்பக்கம் போங்கள். கூரை விளிம்புக்குக் கீழே ஒன்றிரண்டு குழாய் முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒன்றில் சொட்டுவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். தண்ணீர் சூடானால் பெருகும். 150 லிட்டர் 20-லிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது இரண்டே கால் லிட்டருக்குக் கொஞ்சம் அதிகமாகவே பெருகுகிறது. அது வழிந்தாக வேண்டும். ஆகவே, கீசர் சூடாகும் நேரத்தில் சொட்டி, அப்புறம் நின்றுவிட்டால் நல்ல அறிகுறி. எந்நேரமும் சொட்டினால், அல்லது முனைக்குக் கீழே சுவரில் பாசி படிந்து பச்சைக் கோடு இறங்கியிருந்தால், வால்வ் போயிருக்கிறது. சுடச்சுட வந்தால் தெர்மோஸ்டாட் போயிருக்கலாம், அது அவசரம். ஒரு சொட்டும் வராமல் வருடக்கணக்கில் எலும்பாகக் காய்ந்திருந்தாலும் எனக்குச் சந்தேகம்தான். எங்கோ அடைப்பு இருக்கலாம். ரிசர்வாயர் ஹில்ஸ் மாதிரி மேடும் பள்ளமுமான இடத்தில், சரிவின் அடியில் இருக்கும் வீடுகளுக்குத் தெருக் குழாயின் அழுத்தமே முரட்டுத்தனமாக இருக்கும். உங்கள் வீடு பள்ளத்தில் என்றால், மீட்டரை ஒட்டி வீடு முழுவதற்கும் ஒரு பிரஷர் வால்வ் உண்டா என்று கேளுங்கள்.

ஐந்து பேருக்கு 150 லிட்டர் போதுமா? அது நீங்கள் எப்படிக் குளிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வாளியும் சொம்பும் என்றால் தலைக்கு 20 லிட்டர் வெதுநீர். அதில் சுடுதண்ணீர் பாதிதான். ஐந்து பேருக்கும் 50 லிட்டர், முடிந்தது. ஷவரில் எட்டு நிமிடம் நின்றால் தலைக்கு 80 லிட்டர், அதில் 40 சுடுதண்ணீர். ஐந்து பேருக்கு 200. படுக்க வைத்த டாங்கில் சூடும் குளிரும் சீக்கிரம் கலந்துவிடுவதால் 150 லிட்டரும் சூடாகக் கிடைக்காது. நான்காவது ஆள் கத்துவார், ஐந்தாவது ஆள் பச்சைத்தண்ணீர். தீபாவளியன்று விடியற்காலையில் விருந்தாளிகளோடு எண்ணெய்க் குளியல் என்றால் கேட்கவே வேண்டாம். நல்லவேளை, அப்போது இங்கே வெயில் தொடங்கியிருக்கும். ஆனி ஆடிதான் இங்கே குளிர்காலம், மார்கழியில் வியர்த்து ஊற்றும். வீடு பார்க்க டிசம்பரில் வருகிறவர்கள் கீசரைப் பற்றி நினைப்பதே இல்லை, அதுதான் சிக்கல்.

வீட்டில் கேஸ் கீசர் இருந்தால் சுருக்கமாகச் சொல்கிறேன். மின்சாரத்துக்குத் தனி, கேஸுக்குத் தனி சி.ஓ.சி. உண்டு, கேட்டு வாங்குங்கள். லோட்ஷெடிங் உச்சத்தில் இருந்த நாட்களில் அவசர அவசரமாகப் பொருத்தியவை நிறைய. காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் இருந்தால் தொடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

சோலார் என்றால் தகடு எந்தத் திசை பார்க்கிறது என்று பாருங்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் தெற்கு என்று தோன்றும். இங்கே சூரியன் வடக்கே. தகடு வடக்கு பார்த்துத்தான் இருக்க வேண்டும். டர்பனில் உறைபனித் தொல்லை இல்லை. ஜோஹானஸ்பர்க் பக்கம் போகும் நண்பர்களுக்குச் சொல்லுங்கள்: அங்கே குளிர்கால ராத்திரியில் தண்ணீர் உறையும், நேரடியாகத் தண்ணீர் ஓடும் தகடு வெடிக்கும். உறையாத திரவம் ஓடும் ரகம்தான் அங்கே தாங்கும்.

காகித வேலை. 1999-ஆம் ஆண்டு வாடகை வீட்டுச் சட்டப்படி, குடி போகுமுன் வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, குறைகளை எழுதி ஒப்பந்தத்தோடு இணைக்க வேண்டும். அந்தச் சுற்றைத்தான் மேலே சொன்னபடி செய்யுங்கள். "கீசர் நல்ல நிலையில்" என்று ஏஜென்ட் எழுதினால் அடித்துவிட்டு, "150 லிட்டர், இன்ன ஆண்டு, ட்ரேயில் துருக்கறை, வெளிக்குழாய் சொட்டுகிறது" என்று எழுதச் சொல்லுங்கள், போட்டோவும் தேதியோடு அனுப்பி வையுங்கள். எலிமென்டும் தெர்மோஸ்டாட்டும் போனால் யார் செலவு என்பதை ஒரு வரியில் ஒப்பந்தத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள். தகராறு வந்தால் ரென்டல் ஹவுசிங் டிரிப்யூனல் இருக்கிறது, கட்டணம் கிடையாது. கீசர் உடைந்தால் கட்டடத்துக்கான காப்பீடு வீட்டுக்காரருடையது. நனைந்து போகும் உங்கள் மெத்தையும் டிவியும் அதில் வராது, அதற்கு உங்கள் பெயரில் தனியாக எடுக்க வேண்டும். பின்னாளில் வீடு வாங்கப் போனால் 'ஃபுட்ஸ்டூட்ஸ்' (voetstoots) என்று ஒரு சொல் ஒப்பந்தத்தில் வரும்: உள்ளது உள்ளபடி. அப்போது இந்த ஏணி ஏறுவது இன்னும் முக்கியம். கேப் டவுனில் வீடு கைமாறும்போது பிளம்பிங் சான்றும் கட்டாயம்.

குடி போன பிறகு தெர்மோஸ்டாட்டை 60-ல் வைக்கச் சொல்லுங்கள். அதற்கு ரொம்பக் கீழே இறக்கினால் டாங்கில் கிருமி வளரலாம். 60 டிகிரித் தண்ணீர் சில விநாடிகளில் தோலைச் சுட்டுவிடும். அம்மாவுக்கும் குழந்தைகளுக்கும் முதலில் பச்சைத்தண்ணீர், அப்புறம் சுடுதண்ணீர் என்று பழக்குங்கள்.

சாவி வாங்கும் அன்றே தெருவிலிருந்து வரும் மெயின் வால்வ் எங்கே என்று கேட்டு, கையால் திருகிப் பாருங்கள். பல வீடுகளில் அது புல்லுக்கடியில் புதைந்திருக்கும், துருப்பிடித்துத் திரும்பாது. ராத்திரியில் சீலிங் சொட்டினால் முதலில் கீசர் பிரேக்கர், பிறகு இந்த வால்வ், பிறகு சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்குங்கள். வீட்டுக்காரருக்குப் போன் அதற்கப்புறம்.

தகட்டின் போட்டோ, ட்ரேயின் போட்டோ, வெளிக்குழாய் முனையின் போட்டோ மூன்றையும் இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். ஏஜென்ட் ஏணி கொண்டுவரவில்லை என்றால் பக்கத்து வீட்டில் கேளுங்கள். நாலு தலைமுறையாக இங்கேயே இருக்கும் நம்மவர் வீடாக இருந்தால் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆனால் ஏணியும் கிடைக்கும், அந்த வீட்டுக் கீசர் போன தடவை எப்போது உடைந்தது என்ற வரலாறும் டீயோடு கிடைக்கும்.